வேலூர் மலையில் மரம் கூடியிருக்கிறதா? அளக்க எந்தப் படம் சரி

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். இதில் கடைசியை 1981-லேயே அடித்துவிட்டோம்; ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டபோது இரண்டாவதும் கொஞ்ச நாளைக்குப் பொய்யானது. ராஜாவைப் பற்றி இனி யாருக்கும் கவலையில்லை. மிச்சம் இருப்பது மரம்.

அதில்தான் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பாலமதி மலையையும் சத்துவாச்சாரிக்குப் பின்னால் இருக்கிற குன்றுகளையும் காட்டி, "நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வெறும் பாறைதான், இப்போது பாருங்கள்" என்பார் ஒருவர். அதே மலையைக் காட்டி, "அப்போது இருந்த காடு எங்கே போயிற்று" என்பார் இன்னொருவர். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் கோடையில் பார்த்ததை நினைவில் வைத்திருப்பார், மற்றவர் ஐப்பசி மழைக்குப் பின் பார்த்ததை. நினைவுக்குத் தேதி கிடையாது, படத்துக்கு உண்டு. மேலிருந்து எடுத்த பழைய படத்தில், இலையும் கிளையும் தரையை மறைக்கிற பரப்பு எவ்வளவு என்று பார்க்கலாம். அந்தப் பரப்பைத்தான் விதானம் என்கிறோம்.

சரி, எந்தப் படம்? மரம் நடுகிற குழுக்கள், கல்லூரித் தாவரவியல் துறைகள், ஊராட்சிக்காரர்கள் என்று பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி நிற்கிறார்கள். கிடைப்பதிலேயே கூர்மையான படத்தைத் தேடிப் போகிறார்கள், அல்லது இலவசமாகக் கிடைப்பதை எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் தவறான வாசல் என்பது என் கருத்து. நீண்ட கால மாற்றத்தை அளக்க ஒரு படம் போதாது, இரண்டு வேண்டும். அந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒப்பிடத் தகுந்தவையா என்பதே முதல் கேள்வி. ஒரே மாதம், ஒரே கூர்மை, மரம் இருக்கிறதா என்று பார்க்க ஒரே புள்ளிகள். இது அமைந்தால் சுமாரான படமும் உண்மையைச் சொல்லும். அமையாவிட்டால் எவ்வளவு துல்லியமான படமானாலும் இல்லாத வளர்ச்சியைக் காட்டும்.

இந்திய நில அளவைத் துறையின் வான்வழிப் படங்கள்

காட்டை விமானத்திலிருந்து படமெடுக்கும் வேலை நம் பக்கத்தில் புதிதல்ல. அன்று பிரிட்டிஷ் இந்தியாவோடு இருந்த பர்மாவில், ஐராவதி கழிமுகக் காடுகளை 1924-லேயே விமானத்தில் படமெடுத்து வரைபடமாக்கினார்கள். டேராடூனில் 1966-ல் வான்படங்களைப் படிக்கக் கற்றுத்தருவதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். நாம் இன்று பயன்படுத்தும் 1:50,000 நிலவரைபடங்களுக்குப் பின்னால் இருப்பதும் இப்படிப்பட்ட படங்கள்தான். வேலூர் நகரம் விழுகிற தாள் 57 P/1.

தரத்தில் இவற்றுக்குக் குறையில்லை. 152 மில்லிமீட்டர் குவியத்தூரம் கொண்ட கேமராவோடு தரையிலிருந்து 6,000 மீட்டர் உயரத்தில் பறந்தால் படத்தின் அளவு ஏறக்குறைய 1:40,000 வரும். அதாவது படத்தில் ஒரு மில்லிமீட்டர், தரையில் 40 மீட்டர். எட்டு மீட்டர் அகலத் தலை உள்ள புளியமரம் 0.2 மில்லிமீட்டர் புள்ளியாக இருக்கும். நல்ல நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்தால் அது தாராளமாகத் தெரியும். அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருப்பதால் இரட்டைப்படக் கண்ணாடியில் வைத்து மர உயரத்தையும் பார்க்கலாம்.

சிக்கல் மலையில் வருகிறது. வேலூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து 216 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜவ்வாது மலையில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் 725 மீட்டர். விமானம் ஒரே மட்டத்தில் பறக்கிறது, தரை மேலே ஏறி வருகிறது. வேலூருக்கு மேல் 6,000 மீட்டர் என்றால் காவலூருக்கு மேல் 5,500-தான். ஆக, ஒரே அளவுள்ள இரண்டு மாமரங்களில் காவலூர் மரம் பரப்பளவில் 19 சதவீதம் பெரிதாகத் தெரியும். இதைத் திருத்தாமல் மலையையும் சமவெளியையும் ஒப்பிட்டால், மலை மரங்களுக்குச் சும்மாவே ஐந்தில் ஒரு பங்கு வளர்ச்சி கிடைத்துவிடும். படத்தின் ஓரத்தில் இருக்கிற மரங்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்து தெரிவது இன்னொரு தொல்லை. இரண்டுக்கும் மருந்து, தரை உயரத் தகவலைச் சேர்த்துப் படத்தை நேராக்குவது. கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருள் தெரிந்தவர்களுக்கு அது பழகக்கூடிய வேலைதான்.

உண்மையான தடை வேறு. இந்தப் படங்கள் பல்லாண்டுகளாகப் பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக்குள் இருந்தவை. 2021 பிப்ரவரியில் புவியியல் தரவு விதிகள் வெகுவாகத் தளர்ந்தன, 2022-ல் தேசியக் கொள்கையும் வந்தது. ஆனாலும் பழைய பிலிமை ஒரு சாதாரணக் குழு கேட்டு வாங்குவது இணையத்தில் தரவிறக்குவது போலாகாது. கல்லூரி அல்லது அரசுத் துறை ஒன்றின் கடிதத்தாளில் எழுதிக் கேளுங்கள். வந்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. ஆனால் அதை நம்பி மற்ற வேலையை நிறுத்தி வைக்காதீர்கள்.

உளவு பார்த்தவர்கள் விட்டுப்போன பிலிம்

பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா அனுப்பிய கரோனா செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை பிலிமில் படமெடுத்து, அந்தப் பிலிமைச் சுருளாக வானத்திலிருந்து கீழே போட்டன. பாராசூட்டில் இறங்கிய பெட்டியை நடுவானில் விமானம் கொக்கி போட்டுப் பிடித்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தப் படங்களின் ரகசியத்தை 1995-ல் நீக்கினார்கள். பின்னால் வந்த ஹெக்சகன் செயற்கைக்கோள்களின் படங்களை 2002-லும் 2011-லும் விடுவித்தார்கள். ஏவுகணைத் தளம் தேடி எடுத்த படத்தில் நம் வேப்பமரம் இருக்கிறது என்பது வேடிக்கைதான், நமக்கு லாபம்.

கரோனாவின் கடைசித் தலைமுறைப் படங்களில் 1.8 மீட்டர் வரை கூர்மை உண்டு, அதாவது தரையில் அந்த அளவுள்ள பொருள் வரை தெரியும். அதற்கு முந்தைய தலைமுறையில் 2.7 மீட்டர். ஹெக்சகனின் பெரிய கேமரா 1971 முதல் 1984 வரை எடுத்தவை அதைவிட நுட்பம், ஒரு மீட்டரை ஒட்டியும் அதற்குக் கீழும் போகும். அதே ஹெக்சகனில் இருந்த வரைபடக் கேமராவின் படங்கள் ஆறு மீட்டருக்கும் மேல். தேடும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அமெரிக்க நிலவியல் துறையின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் உங்கள் மலையைச் சுற்றிக் கட்டம் போட்டுத் தேடலாம். முன்பே யாராவது பணம் கட்டி ஸ்கேன் செய்யவைத்த ஃபிரேம் இலவசம். இல்லையென்றால் ஒரு ஃபிரேமுக்கு 30 டாலர். நாற்காலியை விட்டு எழாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஐம்பது ஆண்டுக்கு முந்தைய வேலூர் கைக்கு வருகிறது என்பதால்தான் இதை முதலிடத்தில் வைக்கிறேன்.

குறைகளும் உண்டு. படம் கருப்பு வெள்ளை. கேமரா பக்கவாட்டில் வீசி எடுத்த நீண்ட கீற்று என்பதால் ஓரங்கள் வளைந்து நெளிந்து இருக்கும். அதை நிலத்தோடு பொருத்த, அன்றும் இன்றும் அசையாமல் ஒரே இடத்தில் இருக்கிற அடையாளங்கள் வேண்டும். இந்த விஷயத்தில் வேலூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். கோட்டையின் அகழி மூலைகளும் கொத்தளங்களும் பழைய படத்தில் வெட்டியெடுத்தாற்போல் தெரியும். கிழக்கே குன்றுகளின் மேல் இருக்கிற சிறுகோட்டைச் சுவர்கள், காட்பாடிச் சந்திப்பின் தண்டவாளப் பிரிவுகள், ஏரி மதகுகள், கோயில் குளங்களின் மூலைகள் என்று தேவைக்கு மேலேயே கிடைக்கும். சாலைச் சந்திப்புகளை மட்டும் நம்பாதீர்கள். அகலப்படுத்தும்போது நடுக்கோடே நகர்ந்திருக்கும்.

எங்கள் பக்கத்து மலைகளுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது: உருண்டைப் பாறை. கருப்பு வெள்ளைப் படத்தில் பாறையின் நிழல் ஒரு கரும்புள்ளி, புதரும் ஒரு கரும்புள்ளி. பழைய படத்தில் சரிவு முழுக்கப் புள்ளியாகத் தெரிவதைப் பார்த்துவிட்டு "அப்போது எவ்வளவு மரம்!" என்று முடிவு கட்டினால் தொலைந்தோம். பாறையென்றால் நிழலை ஒட்டி வெயில் பட்ட வெளுத்த பக்கம் ஒன்று இருக்கும். மரத்தின் தலை அப்படி வெளுக்காது. அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் அதே இடத்தை இன்றைய கூர்மையான படத்தில் பாருங்கள். பாறை எங்கும் போயிருக்காது. பனைமரத்துக்கு நேரெதிர். அதன் தலை சின்னது, நேர் மேலிருந்து பார்த்தால் தப்பிப் போகும். ஆனால் தரையில் விழுந்திருக்கும் நெடு நிழல் காட்டிக்கொடுத்துவிடும்.

லேண்ட்சாட்டும் அதன் உறவினர்களும்

லேண்ட்சாட் என்பது நிலத்தைப் படமெடுக்கிற அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசை. 1972 ஜூலையில் பறந்த முதல் லேண்ட்சாட்டிலிருந்து இன்றுவரை சங்கிலி அறவில்லை. 2008 முதல் எல்லாம் இலவசம். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பெரும்பாலும் இதையே பார்ப்பீர்கள், அதில் தப்பில்லை. ஆனால் ஒரு பிக்சல் என்பது நம் கணக்கில் எவ்வளவு என்று யோசியுங்கள். 1970-களின் கருவியில் பிக்சலின் பக்கம் 80 மீட்டரைத் தொடும். ஒரு பிக்சல் ஒன்றரை ஏக்கர். 1980-களில் வந்த 30 மீட்டர் கருவியில் 22 சென்ட். 2015-ல் வந்த ஐரோப்பாவின் சென்டினல்-2 பத்து மீட்டர் தருகிறது, இரண்டரை சென்ட். நம் நாட்டின் லிஸ்-3 கருவியில் 23.5 மீட்டர், பதிமூன்றரை சென்ட். ஏரிக்கரையில் வரிசையாக நிற்கும் புங்கன் இருபதையும் 22 சென்ட் கட்டத்தில் தேட முடியாது. அது தண்ணீரோடும் நெல்லோடும் கலந்து ஒரே நிறமாகிவிடும்.

இதன் பலம் எண்ணிக்கையில் இருக்கிறது. உளவுப் படம் ஒரு நாளைக் காட்டும். லேண்ட்சாட் பதினாறு நாளுக்கு ஒருமுறை திரும்பி வரும். அதோடு அகச்சிவப்பும் உண்டு. பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கி, அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும். இந்த இரண்டின் விகிதத்திலிருந்து பசுமைக் குறியீடு கணக்கிடலாம். "1970-க்கும் இன்றைக்கும் நடுவில் எந்த ஆண்டில் மாறியது, வறட்சியிலா, வெட்டியதாலா, நட்டதாலா" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. 2003 மே மாதத்துக்குப் பிந்தைய லேண்ட்சாட்-7 படங்களில் மட்டும் கோடு கோடாக வெற்றிடம் இருக்கும், ஒரு கருவி பழுதானதால் வந்தது. அதே ஆண்டுகளுக்கு லேண்ட்சாட்-5 இருந்தால் அதை எடுங்கள்.

அறிக்கையில் இருக்கிற எண்ணை அப்படியே எடுத்தால்?

படமே வேண்டாம், இந்திய வன நிலை அறிக்கையில் வேலூர் மாவட்டத்தின் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் கழித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. 1989-ல் வட ஆற்காடு பிரிந்தது, 2019 நவம்பரில் வேலூர் மூன்றாகி ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியே போயின. ஏலகிரியும் காவலூரும் இன்று வேலூர்க் கணக்கில் இல்லை. மாவட்டம் சுருங்கியதைக் காடு சுருங்கியதாகப் படிக்கிற ஆபத்து நிச்சயம். முறையும் மாறியிருக்கிறது. 1987-ல் வந்த முதல் அறிக்கையைக் கரடுமுரடான படங்களில் கண்ணால் பார்த்துக் கோடு போட்டுத் தயாரித்தார்கள். நாடு முழுவதையும் கணினியில் கணக்கிட்டது 2001 அறிக்கையில்தான். இன்னொன்று, அந்த அறிக்கையின் கணக்கில் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் பத்து சதவீத விதானம் இருந்தாலே அது காடு. குடியாத்தம் பக்கத்து மாந்தோப்பும் தென்னந்தோப்பும்கூட அதில் சேரும். மாநில அளவில் திட்டமிட அந்த எண் உதவும், பாலமதிச் சரிவுக்கு உதவாது.

கூகுள் எர்த், ட்ரோன்

கூகுள் எர்த் ப்ரோவில் கடிகாரப் பொத்தானை அழுத்திப் பழைய படங்களுக்குப் போவது எல்லோருக்கும் தெரிந்ததே. இலவசம், அரை மீட்டர் அளவுக்குக் கூர்மையான படங்களும் கிடைக்கும், தொலைபேசியில் பேசிக்கொண்டே பார்க்கலாம். ஆனால் கூர்மையான வணிகச் செயற்கைக்கோள்களே 1999-க்குப் பின்தான் வந்தன. அதனால் கால் நூற்றாண்டுக்கு மேல் பின்னால் போக முடியாது. ஆண்டுக்கு ஆண்டு படம் சில மீட்டர் நகர்ந்தும் நிற்கும். நகரத் தெருமரங்களுக்கு இது ஒன்றே போதும். மலைக்கு, ஜோடியின் இரண்டாவது பாதியாக வைத்துக்கொள்ளலாம்.

ட்ரோன் பற்றி மோகம் அதிகம். நூறு மீட்டர் உயரத்தில் பறந்தால் மூன்று சென்டிமீட்டர் அளவுக்குப் படம் வரும், இலை வடிவத்தை வைத்து மரத்தின் பெயரே சொல்லிவிடலாம், உயரமும் கணக்கிடலாம். ஆனால் அது பறந்த நாளுக்கு முந்தைய ஒரு நாளைக்கூட அதனால் காட்ட முடியாது. ஐம்பது ஆண்டு மாற்றம் கேட்பவருக்கு ட்ரோன் வாடகை வீண் செலவு. 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழகத் திட்டம் மாதிரி இப்போது நட்டுக்கொண்டிருக்கிற கன்றுகளைப் பத்தாண்டு கழித்து அளக்க வேண்டியவர்களுக்கு மட்டும் இன்றே பறக்கவிடுவது நியாயம். அதற்கும் முன்னால், ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். வேலூருக்குப் பக்கத்தில் அப்துல்லாபுரம் விமான நிலையம், அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளம். இரண்டைச் சுற்றியும் கட்டுப்பாடு உண்டு. காப்புக்காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி தனி.

மாதம் மாறினால் எல்லாம் மாறும்

எந்தப் படம் என்பதைவிட எந்த மாதம் என்பதில்தான் எங்கள் பகுதியில் ஆட்டம் தலைகீழாகிறது.

இந்த மலைகளில் இருப்பது இலையுதிர் வறண்ட காடு. தை, மாசி தாண்டினால் உதிரத் தொடங்கும். பங்குனி, சித்திரையில் சரிவுகள் குச்சி குச்சியாக நிற்கும். மேகமில்லாத வானம் வேண்டும் என்பதால் விமானம் பறக்க விரும்புவதும் அந்த மாதங்களில்தான். கீழே சமவெளியில் கதை வேறு. மலை மொட்டையாக இருக்கும்போது வேம்பும் புங்கனும் தளிர்விட்டுப் பளபளக்கும். மா, புளி, தென்னைக்கு இலையுதிர்ப்புக் கவலை இல்லை. ஏரிக்குள்ளும் பாலாற்றுப் படுகையிலும் மண்டிக்கிடக்கிற வேலிகாத்தான், அதாவது சீமைக்கருவேலம், எந்தக் கோடையிலும் பச்சையாகவே நிற்கும்.

ஆகவே ஏப்ரல் படத்தில் பசுமையை அளந்தால் நீங்கள் எண்ணுவது பெரும்பாலும் தோப்பையும் வேலிகாத்தானையும். டிசம்பர் படத்தில் அளந்தால் காடு முழுக்கக் கணக்கில் வரும்; கூடவே புல், நிலக்கடலை, நெல், மலையில் உண்ணிச்செடி எல்லாம் சேர்ந்து வரும். 1970 ஏப்ரல் படத்தையும் 2023 டிசம்பர் படத்தையும் பக்கத்தில் வைத்தால் எந்த மலையும் மாயமாகப் பசுமையாகிவிடும். மேடையில் காட்டுகிற "அன்றும் இன்றும்" படங்களைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது தேதியைத்தான். பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள்.

என் பரிந்துரை டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை. வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும், மரம் இன்னும் இலையோடு இருக்கும், மலைப் புல் பழுக்கத் தொடங்கியிருக்கும். முந்தைய இரண்டு ஆண்டுகளின் மழையளவையும் குறித்துக்கொள்ளுங்கள். வறட்சிக்கு மறு ஆண்டுப் படமும் நல்ல மழைக்கு மறு ஆண்டுப் படமும் ஜோடி சேராது.

வேலிகாத்தானைப் பிரித்துத் தனியே எண்ணியே ஆக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மொத்த விதானம் இரட்டிப்பானது என்று அறிக்கை எழுதிவிட்டு, அந்த இரட்டிப்பு முழுவதும் ஏரிக்குள் என்றால் அதை வளர்ச்சி என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? கருப்பு வெள்ளைப் படத்தில் அதை நிறம் வைத்துப் பிரிக்க வழியில்லை. ஏரி, ஆற்றுப்படுகை, புறம்போக்கு, மலைச்சரிவு, தோப்பு என்று முதலில் நிலத்தைப் பிரித்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு வைப்பது ஒரு வழி. ஏப்ரல் லேண்ட்சாட் படத்தைத் துணைக்கு வைத்து, கோடையிலும் பச்சையாக நிற்பதைக் குறிப்பது இன்னொன்று. இரண்டையும் செய்யலாம்.

கோடு வரைவதா, கணினியிடம் விடுவதா, புள்ளி வைப்பதா

படம் வந்தபின் அளக்க மூன்று வழி. ஒவ்வொரு மரத்தின் தலையையும் சுற்றிக் கோடு வரைவது பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் ஆறு மீட்டர் அகலத் தலையின் பரப்பு 28 சதுர மீட்டர். ஓரத்தை இரு பக்கமும் அரை மீட்டர் தள்ளி வரைந்தால் 38 ஆகிவிடும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பிழை. 1.8 மீட்டர் படத்தில் அரை மீட்டரை யார் கண்டார்? நல்ல வான்படமோ ட்ரோன் படமோ இருந்தால் மட்டும் இதைச் செய்யலாம்.

கணினியே பிக்சல் பிக்சலாக மரம், மரமில்லை என்று பிரிக்கச் செய்வது லேண்ட்சாட்டுக்குப் பொருந்தும். பழைய பிலிமில் நிழல், கரும்பாறை, எரிந்த புல், ஈர மண் எல்லாவற்றையும் அது மரமென்று சொல்லும். இரண்டு படமும் ஐந்து மீட்டர் விலகிப் பொருந்தியிருந்தால், ஒரே மரம் ஓரிடத்தில் "அழிந்ததாகவும்" பக்கத்தில் "முளைத்ததாகவும்" கணக்கில் ஏறும்.

புள்ளி வைப்பது கிழட்டு முறை, ஆனால் நம்பலாம். எல்லைக்குள் கண்டபடி 400 புள்ளிகளைக் கணினி போடட்டும். ஒவ்வொரு புள்ளியும் மரத்தலையின் மேல் விழுகிறதா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள். அதே 400 புள்ளிகளை இரண்டு காலத்துப் படத்திலும் பாருங்கள். அதே புள்ளி என்பதுதான் இதில் உயிர்.

கணக்குக்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. பழைய படத்தில் 80 புள்ளி மரத்தில் விழுந்தது, 20 சதவீதம். புதியதில் 104, அதாவது 26. ஆறு சதவீதம் கூடியிருக்கிறது. இரண்டு படத்துக்கும் வேறு வேறு புள்ளிகள் போட்டிருந்தால் இந்த வித்தியாசத்தின் திட்டப்பிழை, அதாவது புள்ளி விழுந்த தற்செயலால் மட்டும் எண் ஏறி இறங்கக்கூடிய அளவு, ஏறக்குறைய 3. ஆறு என்பது தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஒருவர் வாதாட இடமுண்டு. ஒரே புள்ளிகள் என்றால், 40 இடத்தில் புதிதாக மரம் வந்தது, 16 இடத்தில் போனது என்று தனித்தனியே தெரியும், திட்டப்பிழையும் 1.9-க்குள் இறங்கிவிடும். வாதம் முடிந்தது. இதைவிட முக்கியமாக, "ஆறு கூடியது" என்ற ஒற்றை எண்ணுக்குள் நான்கு சதவீத இழப்பு ஒளிந்திருந்ததும் வெளியே வருகிறது. அந்த 16 புள்ளி எங்கே என்று தேடிப் போனால் புதிய மனைப்பிரிவா, கல்குவாரியா, சாலையா என்பது புரிந்துவிடும். படம் சற்று விலகிப் பொருந்தியிருந்தாலும் பரவாயில்லை. மனிதக் கண் அதே பாறையை, அதே பாதை வளைவைத் தேடிப் பிடித்துச் சரிசெய்துகொள்ளும்.

இன்னொரு வேலையைச் செய்யாமல் எண்ண ஆரம்பிக்காதீர்கள்: புதிய படத்தைக் கெடுங்கள். பழைய படத்தில் 1.8 மீட்டருக்குக் குறைந்த எதுவும் தெரியாது. இன்றைய அரை மீட்டர் படத்தில் சின்னஞ்சிறு மரமெல்லாம் தெரியும். அப்படியே எண்ணினால் அன்றும் இருந்த சிறு மரங்கள் இன்றைக்குத்தான் முளைத்ததாகக் கணக்காகும். புதிய படத்தின் நிறத்தை எடுத்துவிட்டு, அதையும் 1.8 மீட்டர் பிக்சலுக்குக் குறைத்து மங்கலாக்கிய பிறகே பழையதோடு ஒப்பிட வேண்டும். நல்ல படத்தை வேண்டுமென்றே பாழாக்கச் சொல்வது பலருக்கு மனசு வராது. ஆனால் இதைச் செய்யாத ஒப்பீட்டை நான் நம்பமாட்டேன். எண்ணுபவர்கள் இருவராக இருப்பதும் நல்லது. தனித்தனியே எண்ணி, இருவரும் மாறுபடுகிற புள்ளிகளின் அளவு கண்டறிந்த மாற்றத்தைவிடக் குறைவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது

பாலமதி, அமிர்தி, ஒடுகத்தூர் பக்கத்து மலைகள் என்றால் குளிர்காலக் கரோனா அல்லது ஹெக்சகன் ஃபிரேம் ஒன்று, அதே மாதத்து இன்றைய படம் ஒன்று, 400 புள்ளி. நடுவில் என்ன நடந்தது என்று விளக்க லேண்ட்சாட். ஜவ்வாது மலை முழுவதும் என்றால் பரப்பு பெரிது. லேண்ட்சாட்டை முதன்மையாக வைத்து, அதைச் சரிபார்க்கப் புள்ளிகளைப் பயன்படுத்துங்கள். ஒரு கல்லூரி வளாகமோ தெருவோ என்றால் கூகுள் எர்த் போதும். அதிலும் வளாகம் 1970-களிலோ அதற்குப் பின்னோ உருவானது என்றால் ஹெக்சகனையும் ஒருமுறை தேடிப் பாருங்கள், கட்டடம் எழுவதற்கு முந்தைய நிலம் தெரியும். ஏரியும் பாலாற்றுப் படுகையும் என்றால் ஏப்ரல் படங்களே சரி. அங்கே கேள்வியே வேலிகாத்தான்தான்.

காசே இல்லாத குழுவுக்கும் வழியில்லாமல் இல்லை. எர்த் எக்ஸ்ப்ளோரரில் ஏற்கெனவே ஸ்கேன் ஆன ஃபிரேம் எது என்று பார்த்து அதை எடுங்கள்; கூர்மை சற்றுக் குறைந்தாலும் தேதி சரியாக இருந்தால் போதும். புள்ளிகளில் பத்தில் ஒன்றுக்காவது ஜிபிஎஸ் போட்டு நடந்து போய்ப் பாருங்கள். அது உசிலையா, வெப்பாலையா, உண்ணிப் புதரா என்பது அங்கே போனால்தான் தெரியும். முடிவில் சதவீதத்தை மட்டும் அறிக்கையில் எழுதிவிட்டு மூடிவிடாமல், 400 புள்ளிகளின் இருப்பிடக் கோப்பையும், பயன்படுத்திய ஃபிரேம் எண்களையும், படமெடுத்த தேதிகளையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். பத்தாண்டு கழித்து வேறொருவர் அதே புள்ளிகளின் மேல் மூன்றாவது படத்தை வைத்துப் பார்க்க அது தேவைப்படும்.